டோக்கன் இல்லாதவங்க

ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன், சௌக்கியமா இருக்கேன். நீங்க, அண்ணன், வாண்டு மூணு பேரும் எப்படி இருக்கீங்க? கிளம்பும்போது வாண்டு என் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாளே, அப்புறம் எவ்வளவு நேரம் அழுதா?

வேலையில சேர்ந்து ஆறு நாள் ஆச்சு. லிஃப்ட் ரிப்பேர் கத்துக்க வர்ற பசங்களோட விடுதி இது. தொண்ணூத்திரெண்டு பேர், எல்லாம் பத்தொன்பது இருபது வயசு, பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைங்க. அவங்க சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு. ‘மெஸ் மேனேஜர்’னு கதவுல பலகையே மாட்டியிருக்காங்க. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு தடவை படிச்சுக்கறேன், சிரிக்காதீங்க.

ஒவ்வொருத்தனுக்கும் நம்பர் போட்ட ஒரு தகர டோக்கன் உண்டு. அதைக் கொக்கியில மாட்டினாத்தான் தட்டு கிடைக்கும். கொக்கியைப் பார்த்து நான் பதிவேட்டுல குறிச்சுக்கணும். சமையல்காரங்க மூணு பேர், கூட்டுறவங்க ரெண்டு பேர், பாத்திரம் கழுவுற ஒரு அக்கா. அந்த அக்கா ஒரு சட்டியைக் கீழ வெச்சா தெருமுனையில கேக்கும். பசங்க ‘சத்தம்’னு பேர் வெச்சிருக்கானுங்க. நான் மரியாதையா ‘சத்தம் அக்கா’ங்கறேன்.

மூணு மாசம் தற்காலிகம். ஆகஸ்ட் கடைசியில வார்டன் கையெழுத்துப் போட்டா நிரந்தரம். நடுவுல நோய் நொடின்னு படுத்தா கணக்கு மறுபடி முதல்லேருந்து. நல்ல மனுஷன், ஆனா சட்டம்னா சட்டம். போன் அவர் மேசையிலேயே இருக்கறதால கடிதம்தான் நமக்கு.

என் விண்ணப்பத்தை மூணு தடவை கிழிச்சுட்டு நாலாவது தடவை நீங்களே உக்காந்து எழுதினீங்களே, அதனாலதான் இந்தப் பலகை. நீங்க நம்ம வீட்டுக்கு வந்தப்ப எனக்குப் பதினாலு வயசு. அதுக்கப்புறம் எனக்கு நடந்த நல்லது எதுலயும் உங்க கை இல்லாம இல்லை. நேர்ல சொல்லக் கூச்சமா இருக்கும், அதான் எழுதறேன்.

உங்கள் அன்புக் கொழுந்தன்


ஜூன் 13

அன்புள்ள தம்பி,

இங்க எல்லாரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கறியா? வாண்டு நீ போன அன்னைக்கு அரை மணி நேரம்தான் அழுதா. அப்புறம் நீ மறந்துட்டுப் போன சீப்பு கிடைச்சுது, அழுகை நின்னு போச்சு. பெருமைப்பட்டுக்காதே.

‘நடந்த நல்லது எதுலயும்’னு எழுதியிருக்க. எனக்கு நீ செஞ்சதை யார் எழுதறது? மே மாசம் நீ இங்க இருந்தப்ப வாண்டுக்கு ரெண்டு நாள் வயித்தால போச்சே, சோத்தைக் கண்டாலே ஓடினாளே, அவளைக் கழுவி விட்டு, உடுப்பு மாத்தி, தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது நீ. நான் சுகாதார ஆபீசுல நோய்க் கணக்குப் பிரிவுல உக்காந்து ஊரார் வயித்துப்போக்கை எண்ணிக்கிட்டிருந்தேன். அதை நான் மறக்கல. இப்ப அந்த ரெண்டு நாளுக்கும் சேர்த்துச் சாப்பிடறா.

உங்க அண்ணன் வழக்கம்போல. ‘நல்லா இருக்கானாமா?’ன்னு கேட்டார். இருக்கான்னேன். ‘சரி’ன்னார். அதுவே அவருக்குப் பெரிய பேச்சு.

வார்டன்கிட்ட நல்ல பேர் எடு. பலகையை ரொம்பப் படிச்சுத் தேய்ச்சுடாதே.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கணும். நீங்க எல்லாரும் சௌக்கியம்தானே? நானும் இருக்கேன். வேலை அதிகம். வெயிலும் அடிக்குது, கொஞ்சம் அசதி. டீ வாசனை பிடிக்க மாட்டேங்குது, சூட்டு உடம்பா இருக்கும். சரியாயிடும்.

ஜூன் இருபதாம் தேதி பசங்களுக்கு விளையாட்டுப் போட்டி நாள். வெயில்ல ஓடி வர்றவங்களுக்கு ஃப்ரூட் சாலட் போடலாம்னு நான்தான் யோசனை சொன்னேன். சத்தம் அக்கா வெட்டித் தர்றேன்னு கத்தியோட வந்தாங்க. வேண்டாம்னுட்டேன். எத்தனை எச்சில் தட்டுல புழங்கின கை, பழம் பச்சையா சாப்பிடற பொருள் பாருங்க. காலையிலேயே உக்காந்து நாலு கூடைப் பழமும் நானே தோல் சீவி, நானே நறுக்கினேன். வார்டன் ரெண்டு கிண்ணம் சாப்பிட்டுட்டு, ‘இந்த விடுதியில முதல் தடவையா நல்லதா ஒண்ணு சாப்பிடறேன்’னார். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் நாலு கூடை வெட்டலாம்.

வேற விசேஷம் இல்லை. ஒரு பச்சைக் கூலிங் கிளாஸ் வாங்கியிருக்கேன். சும்மா, ஸ்டைலுக்குத்தான்.

உங்கள் கொழுந்தன்


ஜூலை 9

அன்புள்ள தம்பி,

நாங்க மூணு பேரும் நலம். உனக்கு என்ன அசதி? இருபத்தேழு வயசுல அசதின்னா எனக்கெல்லாம் என்னன்னு சொல்றது! நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் பரிமாறிட்டு நீ பட்டினி கிடக்காதே.

கூலிங் கிளாஸா? வெங்காயம் உரிக்கிற இடத்துல எதுக்குடா கூலிங் கிளாஸ்? யாராவது பொண்ணு எதிர் வீட்டுல இருக்காளா? இருந்தா மறைக்காம எழுது. உங்க அண்ணன்கிட்ட நான் பேசறேன். அவர் ‘சரி’ம்பார்.

பழத்துக்கு வாழ்த்து.

அண்ணி


ஜூலை 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதத்துக்கு ரெண்டு வாரமா பதில் போடாததுக்குக் காரணம் இருக்கு. நீங்க நலம்னு நம்பறேன். இங்க நலம் இல்லை.

பதினாலாம் தேதி ஒரு பையன் கண்ணு மஞ்சளா எழுந்தான். மறுநாள் மூணு பேர். இன்னைக்கு இருபத்திரெண்டு. காய்ச்சல், வாந்தி, சோத்தைப் பார்த்தாலே குமட்டல், சிறுநீர் டீ மாதிரி போகுதாம். படம் வரையுற பெரிய ஹால்ல மேசைகளை எடுத்துட்டுப் பாய் போட்டு வெச்சிருக்கோம்.

வார்டன் சம்சாரம் ஏழு மாசக் கர்ப்பிணி. அவங்க வீட்டுக்கும் சாப்பாடு நம்ம சமையலறையிலிருந்துதான் போகுது. மஞ்சக்காமாலை கர்ப்பிணிக்கு வந்தா உயிருக்கே ஆபத்துன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அந்த மனுஷன் ஆடிப் போயிட்டார், அண்ணி. முகத்தைப் பார்க்க முடியல.

பசங்க ஒரு கதை கட்டிட்டானுங்க. சமையல்காரங்க, கூட்டுறவங்க, சத்தம் அக்கா, இவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையாம். ‘எங்களுக்கெல்லாம் வந்துச்சு, அவங்க மட்டும் எப்படி கல்லு மாதிரி இருக்காங்க? சத்தம் கழுவுற லட்சணத்துலதான் வந்துருக்கு’ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். இப்ப எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. ரெண்டு நாளா அந்தம்மா பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாம வைக்கறாங்க. அவங்களை நிறுத்திடலாம்னு வார்டன் யோசிக்கறார். பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவங்க, தனியா ரெண்டு பெண் பிள்ளைங்களை வளர்க்கறாங்க.

உங்களுக்கு இதெல்லாம் தெரியும். என்ன செய்யணும்னு எழுதுங்க.

கொழுந்தன்


ஜூலை 28

அன்புள்ள தம்பி,

இங்க எல்லாரும் நலம். உன் கடிதம் வந்த அன்னைக்கே எங்க மேலதிகாரிகிட்ட காட்டினேன். உங்க பகுதி டாக்டரம்மாவுக்குத் தந்தி போயிருக்கு. ரத்தம் எடுக்க வருவாங்க.

முதல்ல ஒண்ணு. காமாலைங்கறது ஒரு நோய் இல்லை, ஒரு வீட்டுல பொறந்த அஞ்சாறு பேர் மாதிரி. சிலது ரத்தத்தால, ஊசியால வரும். அது இப்படி ஒரு விடுதியையே படுக்க வைக்காது. ரெண்டு வகைதான் வாய் வழியா வரும், தண்ணியிலயோ சாப்பாட்டுலயோ. அதுல ஒண்ணு கர்ப்பிணிகளைக் கொல்லும். இன்னொண்ணு அவங்களை மத்தவங்க அளவுக்குத்தான் படுத்தும். எது வந்திருக்குன்னு ரத்தம்தான் சொல்லும். அதுவரைக்கும் வார்டன் சம்சாரம் காய்ச்சின தண்ணி, தனிச் சமையல்.

ரெண்டாவது, இந்த நோய் ஆளைப் பார்த்து ஆடும். ஒரே கிருமிதான். மூணு வயசுக் குழந்தைக்கு வந்தா பெரும்பாலும் கண்ணே மஞ்சளாகாது, வந்ததே தெரியாமப் போயிடும். ஆனா அடுத்தவங்களுக்குக் கொடுக்கும். உங்க பசங்க வயசுல வந்தா ஒரு மாசம், ஒன்றரை மாசம்கூடப் படுக்கை. ஐம்பது தாண்டினவங்க, ஏற்கெனவே கல்லீரல் கெட்டவங்கன்னா பயப்படணும்.

இத்தோட ஒரு படிவம் வெச்சிருக்கேன். விடுதியில சாப்பிடற ஒவ்வொரு ஆளையும் எழுது. வயசு, வளர்ந்த ஊர், கண் மஞ்சளான தேதி, சாப்பிட்டது, சாப்பிடாதது. ஒரு ஆள் விடக்கூடாது.

அந்த அம்மாவை ஒண்ணும் செய்ய வேண்டாம்னு வார்டன்கிட்ட சொல்லு. கெஞ்சியாவது நிறுத்து. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, பட்டியல் வரட்டும்.

கையை சோப்புப் போட்டுக் கழுவு. நீ நல்லா இருக்கியா? அதைப் பத்தி ஒரு வரியும் எழுதலையே.

அண்ணி


ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நல்லா இருக்கேன். வாண்டு சுகமா?

டாக்டரம்மா வந்தாங்க. ரத்த முடிவும் வந்துடுச்சு. நீங்க சொன்ன ரெண்டுல கர்ப்பிணியைக் கொல்லாததுதான் இது. வார்டன் அதைக் கேட்டதும் தலையில கையை வெச்சுக்கிட்டு நாற்காலியிலேயே உக்காந்துட்டார். அவர் சம்சாரத்துக்கு இன்னும் நோய் வரலை, காப்புக்கு ஒரு ஊசி போட்டிருக்காங்க. உங்க பேரைச் சொல்லி நன்றி சொல்லச் சொன்னார்.

பட்டியல் அனுப்பியிருக்கேன். டோக்கன் ஒண்ணுலேருந்து தொண்ணூத்திரெண்டு வரைக்கும் ஒருத்தனையும் விடலை. நோய் முப்பத்திநாலு பேருக்கு.

ஆனா சத்தம் அக்காவை முதல் தேதி அனுப்பிட்டாங்க. நான் சொல்லிப் பார்த்தேன். இல்லை, பொய் எழுதக்கூடாது, சரியாச் சொல்லலை. வாயைத் திறந்தேன், வார்டன் பார்த்தார், மூடிட்டேன். அந்தம்மா தொட்டியைத் துடைச்சு வெச்சுட்டு, துணியைப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டுப் போனாங்க. போகும்போது என்னைப் பார்த்து, ‘வரேன் தம்பி, உடம்பைப் பார்த்துக்கோங்க’ன்னாங்க.

பாத்திரம் கழுவ ஆள் வரமாட்டேங்கறாங்க. நோய்க்காரங்க துணியைத் தொடவும் ஆள் இல்லை. கூட்டுறவங்கள்ல ஒருத்தர் ஓடிட்டார்.

கொழுந்தன்


ஆகஸ்ட் 8

அன்புள்ள தம்பி,

வீட்டுல எல்லாரும் சுகம். உன் பட்டியலை சாப்பாட்டு மேசையில விரிச்சு வெச்சு மூணு நாள் பார்த்தேன். உங்க அண்ணன் தட்டைக் கையில வெச்சுக்கிட்டே சாப்பிட்டார்.

நீ நல்லா எழுதியிருக்க. ஆனா தொண்ணூத்திரெண்டு பேர்தானா சாப்பிட்டாங்க? சமைக்கறவங்க எங்க? கூட்டுறவங்க? அந்த அம்மா? டோக்கன் இருக்கறவனை மட்டும் எழுதியிருக்க. அங்க சாப்பிடறவங்கள்ல டோக்கன் இல்லாதவங்களும் மனுஷங்கதானே? குத்தம் சொல்ல மட்டும் அவங்க வேணும், எண்ண வேண்டாமா? கோவப்படறேன்னு நினைக்காதே. கோவம்தான்.

இப்பக் கேளு. கண் மஞ்சளான தேதிகளைக் கோடு போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே குவியல். தண்ணி கெட்டிருந்தா மாசக்கணக்குல இழுக்கும், தெருவுலயும் வந்திருக்கும். ஒரே வேளைச் சாப்பாட்டுல வந்தாத்தான் இப்படிக் குவியும். கிருமி உள்ள போய் வெளிய தெரிய ஏறக்குறைய நாலு வாரம். பின்னால எண்ணினா ஜூன் இருபதுல போய் நிக்குது. நாற்பத்தியொண்ணாம் நம்பர் பையனுக்குப் பழமே பிடிக்காதுன்னு எழுதியிருக்க. அவன் அறையில மத்த மூணு பேரும் படுத்திருக்காங்க, அவன் எழுந்து நடமாடறான்.

நோய் வராத மத்தவங்க யாருன்னு பார்த்தேன். பாதிப் பேர் அன்னைக்குப் பழம் தீர்ந்தப்புறம் சாப்பிட வந்தவங்க. மீதிப் பேர் ‘வளர்ந்த ஊர்’னு எழுதின இடத்தைப் பாரு. குழாய் வராத இடங்கள். அந்த மாதிரி இடத்துல பொறந்த குழந்தைக்கு அஞ்சு வயசுக்குள்ள இது வந்து, யாருக்கும் தெரியாமப் போயிருக்கும். ஒரு தடவை வந்தா ஆயுசுக்கும் திரும்ப வராது. உங்க வசதியான பிள்ளைங்க சுத்தத் தண்ணி குடிச்சு வளர்ந்ததால இதை முதல் தடவையா இப்பத்தான் பார்க்கறாங்க. அந்த அம்மாவும் சமையல்காரங்களும் கல்லு மாதிரி இருக்கறதுக்குக் காரணம் இதுதான். நோயைக் கொடுத்ததால இல்லை, சின்ன வயசுலேயே பட்டு முடிச்சதால. டாக்டரம்மா அவங்க ரத்தத்தைப் பார்த்தா பழைய தடயம் இருக்கும். இதைத் தனிக் கடிதமா அவங்களுக்கும் எழுதிட்டேன்.

அன்னைக்குப் பழம் நறுக்கினது யாருன்னு உன் பழைய கடிதத்துல படிச்சேன்.

அந்தப் பச்சைக் கண்ணாடியை இன்னும் போடறியா?

அண்ணி


ஆகஸ்ட் 26

அன்புள்ள அண்ணிக்கு,

பதினெட்டு நாள் பதில் எழுதலை. ஒவ்வொரு நாளும் தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வந்தேன், கையில கடிதம் இல்லாமலே. நீங்க எல்லாரும் நலமா இருக்கணும்.

அந்தப் பச்சைக் கண்ணாடியை இப்பப் போடறதில்லை. ஜூன் இருபத்தஞ்சுலேருந்து மூணு வாரம் போட்டேன். முகம் கழுவும்போது கண்ணாடியில பார்த்தேன், கண்ணு ரெண்டும் மஞ்சள். என்னன்னு எனக்கே புரிஞ்சுது. படுத்தா மூணு மாசக் கணக்கு போச்சு. பலகை போச்சு. ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டா சரியாயிடும்னு நினைச்சேன். பழம் நறுக்கினது அதுக்கு முன்னாடிங்கறதால அதையும் இதையும் சேர்த்து யோசிக்கலை. பொய். ஜூலை பதினாலு, அந்தப் பையன் கண்ணைப் பார்த்த நிமிஷமே தெரியும். அப்புறமும் சொல்லலை. ஒருத்தங்க வேலை போனப்புறமும் சொல்லலை.

உங்க கடிதத்தைக் கடைசி ரெண்டு வரியை மட்டும் மடிச்சு மறைச்சுட்டு வார்டன்கிட்ட காட்டினேன். அந்த அளவுக்கு இருந்தேன் நான்.

பதினேழாம் தேதி டாக்டரம்மா எல்லா ஊழியரையும் சாப்பாட்டு ஹால்ல கூட்டினாங்க. ரத்தம் கொடுக்கச் சத்தம் அக்காவையும் வரச் சொல்லியிருந்தாங்க, அவங்க வாசல்கிட்டயே நின்னாங்க. எழுந்து நடக்கற பசங்களும் இருந்தானுங்க. டாக்டரம்மா நீங்க எழுதினதையெல்லாம் சொன்னாங்க. அப்புறம், ‘முப்பத்திநாலு பேர் படுத்திருக்காங்க. துணி துவைக்க, கஞ்சி கொடுக்க, வாந்தி அள்ள ஆள் வேணும். ஏற்கெனவே இந்த நோய் வந்தவங்களுக்குத் திரும்ப வராது. அவங்கதான் எனக்கு வேணும். யாருக்கு வந்திருக்கு? கை தூக்குங்க’ன்னாங்க.

சத்தம் அக்கா கை தூக்கினாங்க. ‘அஞ்சு வயசுல எனக்கு வந்துச்சுன்னு எங்கம்மா சொல்லுவாங்க’ன்னாங்க. சமையல்காரங்களுக்கு வந்துச்சா இல்லையான்னே தெரியாது, சும்மா நின்னாங்க.

நானும் தூக்கினேன்.

‘உனக்கு எப்போ வந்துச்சு?’ன்னார் வார்டன். சின்ன வயசுலன்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும், அண்ணி. அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துச்சு. ‘ஜூன் மாசம், சார். பழம் நான்தான் நறுக்கினேன். இந்த அம்மாவைத் தொடக்கூட விடலை’ன்னேன். அந்தக் கதையைப் பரப்பின பசங்க தரையைப் பார்த்துக்கிட்டு நின்னானுங்க.

அன்னையிலிருந்து ஹால்ல நாங்க ரெண்டு பேரும்தான். அவங்க துணி, நான் கஞ்சி. மூணு நாள் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நாலாம் நாள், ‘கஞ்சியில உப்பு இல்லை’ன்னாங்க. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. இருபது பேர் தேறி எழுந்துட்டாங்க, ஒரு உயிரும் போகலை. சத்தம் அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைச்சுடுச்சு, வார்டன் சம்சாரம் வாசல் வரைக்கும் வந்து, ‘தப்பு எங்க மேல’ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க.

எனக்குக் கையெழுத்து விழலை. பலகையைக் கழட்டிட்டாங்க. ஆளை அனுப்பலை. ‘எல்லாரும் எழுந்து நடக்கட்டும், அப்புறம் மறுபடி மூணு மாசம், முதல்லேருந்து’ன்னார் வார்டன். அது என் தகுதிக்கு அதிகம்.

நீங்க அந்தக் கண்ணாடி வரியைத் திட்டி எழுதியிருந்தா நான் பதிலுக்கு இன்னொரு பொய் எழுதியிருப்பேன். ஒரு கேள்வியா விட்டுட்டீங்க. அதுக்கு நான் எப்படி நன்றி சொல்றது?

உங்கள் கொழுந்தன்


ஆகஸ்ட் 31

அன்புள்ள தம்பி,

நலம். உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை உன்னை அறையணும்னு இருந்துச்சு. ரெண்டாம் தடவை அழுதேன். மூணாம் தடவை, ஏழு வருஷம் கணக்கு எழுதின கை சும்மா இருக்குமா, பின்னால எண்ணுச்சு.

ஜூன் இருபத்தஞ்சுலேருந்து நாலு வாரம் பின்னால போ. மே கடைசி. அப்ப நீ எங்க இருந்த? என் வீட்டுல. என் பொண்ணைக் கழுவி விட்டுக்கிட்டு இருந்த.

உன் கடிதம் வந்த மறுநாளே வாண்டுவைக் கூட்டிக்கிட்டுப் போய் ரத்தம் கொடுத்தேன். ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினா. முடிவு வந்துடுச்சு. அவளுக்குச் சமீபத்துல வந்து போயிருக்கு. அவ போற விளையாட்டுப் பள்ளியிலயும் ரத்தம் எடுத்துப் பார்த்ததுல, இன்னும் ஆறு குழந்தைங்களுக்கும் அப்படியேதான். ஒரு குழந்தை கண்ணும் மஞ்சளாகலை.

‘சின்னக் குழந்தைக்கு வந்தா தெரியாது, ஆனா கொடுக்கும்’னு உனக்கே எழுதினேன் பாரு, ஜூலையில. எழுதும்போது என் மடியில உக்காந்திருந்தா. டோக்கன் இல்லாதவங்களை விட்டுட்டன்னு உன்கிட்டக் கத்தினேன். என் வீட்டையே நான் எண்ணலை.

அதனால இதுல உன் பங்கை நீ சுமந்துக்கோ, என் பங்கை எனக்குக் கொடுத்துடு. மேலதிகாரிகிட்ட சொல்லிட்டேன். விளையாட்டுப் பள்ளியில கை கழுவற தொட்டி வைக்க நாளைக்கே ஆள் போறாங்க.

உங்க அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘கடைசியில சொல்லிட்டான்ல’ன்னார். அதுக்கப்புறம் இன்னொண்ணும் சொன்னார். ‘அவனை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு.’ வா.

அந்த அம்மாகிட்ட நானும் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. என் பொண்ணுகிட்டேருந்து கிளம்பினது அவங்க தலையில விழுந்துச்சு. அவங்க செஞ்ச உதவிக்கு என்ன வார்த்தை எழுதறதுன்னு எனக்குத் தெரியலை.

அண்ணி


செப்டம்பர் 9

பார்த்திராத தங்கச்சிக்கு,

நான் பாத்திரம் கழுவுறவ. உங்க கொழுந்தன் உங்க கடிதத்தைப் படிச்சுக் காட்டினார். எனக்கு எழுத வராது, நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதறார். ஒரு வார்த்தை மாத்தினாலும் தெரியும், படிச்சுக் காட்டச் சொல்லுவேன்னு மிரட்டி வெச்சிருக்கேன். நீங்க, உங்க வீட்டுக்காரர், குழந்தை எல்லாரும் நல்லா இருக்கீங்களா? என் பொண்ணுங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நேத்தோட ஹால் காலி. கடைசிப் பையனும் எழுந்துட்டான். என்னைப் பத்தி முதல்ல கதை கட்டின பையன்தான் அது. போகும்போது பாயைத் தானே சுருட்டி வெச்சான். போதும்.

குழந்தைகிட்டேருந்து வந்துச்சுன்னு மனசு கஷ்டப்பட்டிருக்கீங்க. அடப் போங்க தங்கச்சி, மூணு வயசுப் பிஞ்சு அது. அதுக்கு இனிமே ஆயுசுக்கும் இது வராதுல்ல? அதை நினைச்சு சந்தோஷப்படுங்க. ரத்தம் எடுத்தப்ப ரொம்ப அழுதுதாம். எனக்கு எடுத்தப்ப நான்கூடக் கண்ணை மூடிக்கிட்டேன்.

ஒரு விஷயம் உங்க கொழுந்தனுக்கே தெரியாது. இப்பத்தான் எழுதும்போது கேக்கறார். அவருக்குக் காமாலைன்னு எனக்கு ஜூன் மாசமே தெரியும். டோக்கனைப் பார்த்து யார் சாப்பிட்டாங்கன்னு அவர் எழுதுவார். கொக்கியில அவருக்கு டோக்கன் கிடையாது. ஆனா தட்டு என் தொட்டிக்குத்தானே வரணும்? பத்து நாள் அவர் தட்டு போன மாதிரியே திரும்பி வந்துச்சு. அதுக்கு மேல பச்சைக் கண்ணாடி வேற. ரெண்டு புள்ளை பெத்தவளுக்கு இது தெரியாதா?

எழுதறதை நிறுத்திட்டார். எழுதுங்க தம்பி.

ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. பாத்திரம் கழுவுறவ மேனேஜரைக் கைகாட்டினா யாரு நம்புவான்னு முதல்ல விட்டேன். வேலை போனப்ப கோவம் வந்துச்சு, வார்டன் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். அங்க நின்னப்ப, இவர் வேலையும் போய் நமக்கு என்ன ஆகப் போகுதுன்னு தோணுச்சு. ஆனா உண்மையா சொல்லணும்னா, அவர் வாயால வரட்டும்னு ஒரு ஆசை. வராட்டி போய்த் தொலையட்டும்னும் இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்.

டாக்டரம்மா கை தூக்கச் சொன்னப்ப நான் தூக்கினேன். இவரும் தூக்கினார்னு உங்களுக்கு எழுதியிருக்காராம். உடனே இல்லை, தங்கச்சி. ரொம்ப நேரம் அந்த ஹால்ல என் கை ஒண்ணுதான் மேல இருந்துச்சு. அத்தனை பேரும் என்னையே பார்த்தாங்க, திருடியைப் பார்க்கற மாதிரி. தோள் வலி எனக்கு ஏற்கெனவே உண்டு. சரி, இவர் தூக்க மாட்டார்னு நினைச்சு கையை இறக்கப் போனேன். அப்ப எனக்குப் பின்னால யாரோ மூச்சை இழுத்துவிட்ட சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்க்கலை. வார்டன் முகம் மாறினதைப் பார்த்தேன், தெரிஞ்சுக்கிட்டேன்.

பன்னிரண்டு வருஷத்துல இந்த இடத்துல எனக்காக ஒருத்தர் கை தூக்கினது அது ஒண்ணுதான். மூணு நாள் பேசாம இருந்தது கோவத்துல இல்லை. பேசினா அழுதுடுவேன்னு பயம். அதனால அவர்கிட்ட நேர்ல நன்றி சொல்லலை. இதுல சொல்லிட்டேன், அவர் கையாலயே எழுதியும் வாங்கிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை ஹாலை விட்டு வர முடியலை, இந்த ஞாயித்துக்கிழமை இவரை அனுப்பி வைக்கறேன். நல்லா சாப்பிட வைங்க, தட்டு இன்னும் பாதிதான் காலியாகுது.

இப்படிக்கு,
சத்தம் அக்கா